இயந்திர வாடை

"ஏஐ எழுதுன கோட் இனிமே அடெபாவுக்குள்ள வரக் கூடாது. சம்மதம்னா கை தூக்குங்க," என்றார் கூட்டத்தில் குழுத் தலைவர் ட்வோமோ.

முதலில் எழுந்தது செர்வாவின் கை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

அடெபா, தையல்காரர்களுக்கான இலவச மென்பொருள். அளவைக் கொடுத்தால், அந்த ஊர்ப் பெண்கள் போடும் கபா ரவிக்கைக்குத் துணியை எப்படி வெட்டுவது என்று திரையில் வரைந்து காட்டும். அதன் நிரல் ஊருக்கே திறந்து கிடக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம்.

வருகிறதையெல்லாம் படித்து, சேர்ப்பதா தள்ளுவதா என்று முடிவு செய்கிற சம்பளமில்லாத வேலை செர்வாவுடையது.

கொஞ்ச காலமாக வருவதில் பாதிக்கு மேல் குப்பை. ஏஐயிடம் ஒரு வரி சொல்லி, அது கக்கியதை அப்படியே அனுப்பிவிட்டு, செர்வா கேள்வி கேட்டால் பதிலையும் அதனிடமே வாங்கி அனுப்புகிற புண்ணியவான்கள் பெருகிவிட்டார்கள்.

போன ஈஸ்டருக்கு அப்படி ஒன்று அவள் கண்ணுக்குத் தப்பி உள்ளே போய்விட்டது. ஒரு குடும்பமே சாவுக்கென்று ஒரே துணியெடுத்துத் தைத்த ரவிக்கைகளில் அக்குள் பிடித்துக்கொண்டது. வழக்கப்படி அடக்கம் முடிந்து ஆட வேண்டிய பெண்கள் கையைத் தூக்க முடியாமல் மரம்போல நின்றார்கள். செத்தவருக்காக அழுததைவிட ரவிக்கைக்காக அழுததுதான் அதிகம் என்று குமாசி சந்தையில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அன்றிலிருந்து செர்வா மூக்கைத் தீட்டி வைத்துக்கொண்டாள். இயந்திர வாடை அடித்தால் போதும், அனுப்பியவர் வெளியே.

கடைசியாகச் சிக்கியவன் அதிங்கா. வடக்கே போல்கடாங்காவில் இரங்கல் போஸ்டர் அடிக்கும் கடை வைத்திருப்பவன். குழுவில் அவனை ஒருவருக்கும் தெரியாது. திடீரென்று ஒருநாள், ரவிக்கையின் கைப்பகுதி முழுவதையும் புதிதாக எழுதி அனுப்பியிருந்தான்.

அதில் ஒரு பிழை இல்லை. சந்தேகமே அங்கேதான் ஆரம்பித்தது.

போதாக்குறைக்கு ஒவ்வொரு பகுதியின் தலையிலும் ஒரு பணிவான குறிப்பு. 'தயவுசெய்து வெட்டுமுன் இன்னொரு முறை அளந்து பாருங்கள். நன்றி.'

சற்று முன்புதான் அதை மேடையில் நின்று உரக்க வாசித்துக் காட்டியிருந்தாள் செர்வா. "கணக்குக்கு நன்றி சொல்ற மனுஷன எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

கூடம் அதிரச் சிரித்தது.

"நான்தான் எழுதினேன் சிஸ்டர்," என்று எழுந்து சொன்னான் அதிங்கா. யாரும் நம்பவில்லை. அவன் உட்கார்ந்துவிட்டான்.

தீர்மானம் நிறைவேறினால் குழுவிலிருந்து நீக்கப்படும் அடுத்த பெயர் அவனுடையது. அவன் எழுதிய கைப்பகுதியும் குப்பைக்குப் போகும். 'நான்தான் எழுதினேன்' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்திருந்தான்.

கைகள் எழுந்துகொண்டே வந்தன. பின்வரிசையில், அதிங்காவின் கையும் எழுந்தது.

"பாருய்யா, திருடனே திருடன், திருடன்னு கத்துறான்!" என்றார் ஒருவர். மறுபடியும் சிரிப்பு.

செர்வாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "நீ எதுக்குத் தூக்குற? கிண்டலா?"

அவன் கையை இறக்கவில்லை.

"இல்ல சிஸ்டர், நீங்க சொல்றதுதான் சரி. மனுஷன் எழுதுனதுதான் வேணும். நீங்க மொத மொதல்ல எழுதுனீங்களே, கழுத்துப்பட்டி கோட், அதப் படிச்சுப் படிச்சுத்தான் எனக்கு எழுதவே வந்துச்சு. நீங்க எழுதுற மாதிரியே பழகிட்டேன்."

செர்வா அவனுடைய குறிப்பை மறுபடி பார்த்தாள்.

கழுத்துப்பட்டி. அடெபாவுக்கென்று அவள் எழுதிய முதல் நிரல். எவளாவது துணியைக் கெடுத்துக்கொண்டு தன்னைச் சபித்துவிடுவாளோ என்று பயந்து, பகுதிக்கு ஒரு தயவுசெய்து, ஒரு நன்றி என்று போட்டுவைத்த காலம் அது. பிறகு வேலை குவிந்தது, அலுப்பு வந்தது, தயவும் நன்றியும் நின்றுபோயின. எழுதியதை மட்டும் அவள் அழிக்கவில்லை.

திறந்து கிடந்ததை இயந்திரமும் படித்துப் பழகியது, இவனும் படித்துப் பழகினான். இத்தனை நாளும் அவள் மூக்கில் அடித்தது அவளுடைய வாடைதான்.

அவன் பொய் சொல்லவில்லை என்று அந்தக் கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ஆனால் இந்த மூக்கை நம்பி அவள் வெளியே தள்ளியவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மனதில் வந்து நின்றன. அவர்களிலும் எத்தனையோ பேர் 'நான்தான் எழுதினேன்' என்று மன்றாடியிருந்தார்கள். ஒருவருக்கும் அவள் பதில் போடவில்லை. இவனை நம்பினால் அவர்களையும் நம்ப வேண்டும்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள், தூக்கிய கையை இறக்கவில்லை. பின்னாளில் அந்த நொடியை நினைத்து அவள் வருந்தாத நாளே இல்லை.

ட்வோமோ விரலை நீட்டி வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டு போனார். பின்வரிசையையும் விடவில்லை.

"எதிர்ப்பு யாருமில்ல. ஒருமனதா நிறைவேறிடுச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். சிஸ்டருக்கு இப்போது உண்மை தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில், அதிங்காவும் தட்டினான்.