மார்த்தா வீட்டுச் சுவரோரம் பூட்ஸ் தடம்

"ஓரெஸ்ட், உடனே வாங்க. ஃபர்னஸ் நின்னுபோச்சு. பக்கத்து வீட்டு லாயிட்தான் என்னவோ பண்ணிட்டான்."

ஃபோனில் மார்த்தாவின் பல் தந்தியடித்தது. வெளியே மைனஸ் முப்பத்துநாலு. வின்னிபெக்கில் இந்தக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றால், அரை நாளில் தண்ணீர்க் குழாயெல்லாம் உறைந்து வெடித்துவிடும். போதாததற்கு, நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து அவள் புருஷன் மெட்ரோ போன வாரம்தான் வீட்டுக்கு வந்திருந்தார்.

இருபத்தேழு வருஷமாக ஃபர்னஸ் வேலை பார்க்கிறேன். நான் மாட்டியது மக்கர் பண்ணியதாகச் சரித்திரம் இல்லை. அக்டோபரில் அவள் வீட்டிலிருந்த நாற்பத்தெட்டு வயதுக் கிழட்டு ஃபர்னஸைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டியதும் நான்தான். மற்றவர்களுக்கு முழு நாள் பிடிக்கிற வேலையை மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தேன். அதனால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்கும் பட்டது.

போய்ப் பார்த்தால் மெட்ரோ மூன்று கம்பளிக்குள் சுருண்டிருந்தார். வீட்டுக்குள்ளேயே அவர் மூச்சு புகையாகத் தெரிந்தது.

மார்த்தா என்னை ஜன்னலுக்கு இழுத்துப் போனாள். லாயிட் வீட்டிலிருந்து இவள் வீட்டுச் சுவர்வரை பனியில் பூட்ஸ் தடம்.

"தினமும் விடியறதுக்கு முன்னாடி வர்றான். சுவர்கிட்ட குனிஞ்சு என்னவோ பண்றான், போயிடறான். மரக்கிளையை வெட்டின சண்டையில ரெண்டு வருஷமா எங்களுக்குள்ள பேச்சே கிடையாது. நேத்து ஜன்னலைத் திறந்து நல்லாத் திட்டிட்டு, அவன் வர்ற வழிக்குக் குறுக்கே கயிறும் கட்டினேன். இன்னிக்கு ஃபர்னஸ் நின்னுடுச்சு. இதுக்கு என்ன அர்த்தம்?"

அர்த்தம் எனக்கு நன்றாகவே புரிந்தது. ரயில்வேயில் ரிட்டயரான லாயிட்டுக்குப் பொழுது போகவில்லை, பேசாமல் போலீசைக் கூப்பிடுங்கள் என்று என் பங்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுக் கீழ்த்தளத்துக்கு இறங்கினேன்.

மோட்டார் பழுதில்லை. ஒயர் பழுதில்லை. சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் மூன்று மூன்று தடவையாக மின்னியது. புகை வெளியேற வழியில்லை என்று அதற்கு அர்த்தம்.

பழைய ஃபர்னஸின் புகை கூரைக்கு மேலே புகைபோக்கி வழியாகப் போனது. புதுசுக்குப் பக்கச் சுவரில் குழாய். வெளியே போய்ப் பார்த்தேன், குழாயையே காணோம். பனியைத் தோண்டினால், அதன் வாயில் முஷ்டி பருமனுக்கு ஐஸ் அடைத்திருந்தது. உடைத்து எடுத்ததும் உள்ளே ஃபர்னஸ் கிளம்பியது.

அப்போதுதான் கவனித்தேன். காற்றில் பாதி மூடிய பழைய பூட்ஸ் தடமெல்லாம் நேராக அந்தக் குழாய்க்கு முன்னால் வந்து நின்றன. புதுத் தடம் மட்டும் கயிற்றோடு திரும்பியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய விளக்குமாறு பனியில் குத்தி நின்றது.

கயிற்றைத் தாண்டிப் போய் லாயிட் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சரியாயிடுச்சா? நல்லவேளை" என்றார். "ராத்திரி பூரா காத்து. விடிகாலையில ரெண்டு தடவை கயிறுவரைக்கும் வந்தேன். தாண்டறதா வேணாமான்னு தெரியல, திரும்பிட்டேன். ஃபோன் பண்ணினேன், என் குரலைக் கேட்டதும் வச்சுட்டா."

குழாய் அடைத்துக்கொள்வதை ஒரு சீட்டிலாவது எழுதிப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன்.

"எழுதினா அவளே எந்திரிச்சு வந்து தோண்டுவா. புருஷனைப் பார்க்கணும், அஞ்சரைக்கு ஸ்கூல் பஸ் ஓட்டற வேலைக்குப் போகணும். எனக்கு எப்படியும் நாலு மணிக்கு மேல தூக்கம் வராது."

கதவைச் சாத்தப் போனவர் நின்று குரலைத் தணித்தார்.

"தம்பி, குழாயை மட்டும் நெஞ்சு உயரத்துக்கு ஏத்திடு. முட்டி உயரத்துல வச்சா பனி மூடாம என்ன பண்ணும்? உனக்குத் தெரியாததா?"

தெரியும். இந்த ஊரில் ஃபர்னஸ் மாட்டுகிற எவனுக்கும் தெரியும். ஆனால் மேலே துளை போட்டால் இன்னும் அரை நாள் ஆகும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தேன் என்றேனே, அந்த லட்சணம் இதுதான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்தேன். வேனிலிருந்து டிரில்லை எடுத்தேன். மார்த்தா காதில் ஃபோனோடு வாசலுக்கு வந்தாள்.

"போலீஸ் லைன்ல இருக்காங்க. ஃபர்னஸ் நிக்கக் காரணமான ஆளோட பேர் கேட்கறாங்க. லாயிட் முழுப் பேர் உங்களுக்குத் தெரியுமா?"

"ஓரெஸ்ட்னு எழுதிக்கச் சொல்லுங்க" என்றேன்.