நூறு வாணம்

மனுப் போட்டது சுருளிராஜன் அண்ணன்தேன்னு எங்களுக்கு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுபோச்சு.

சூசையப்பர் திருவிழாவுக்கு இன்னும் நாலு நாள்தேன். பெரியகுளம் தாலுகா ஆபீசுல இருந்து ஆள் வந்து கோயில் வாசல்ல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போறாக. கடும் வெயில், காட்டுத் தீ அபாயம், ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த மனுவின் பேரில் இந்த ஆண்டு வாணவேடிக்கைக்கு அனுமதி இல்லைன்னு போட்டிருக்கு. தேர் மட்டும் இழுத்துக்கலாமாம்.

வெயில் கடுமைதேன், இல்லைன்னு சொல்லலை. ரெண்டு மாசமா ஒரு சொட்டு மழை கிடையாது. மலையில புல்லு பூராம் அப்பளமா நொறுங்குது. பீடி, தீப்பெட்டியோட மலைப்பக்கம் போகாதீகன்னு ஆட்டோவுல மைக் கட்டித் தினமும் கத்துறாக. அதுக்காக? வாணம் இல்லாம அது என்ன திருவிழா?

நான் விழாக் கமிட்டிச் செயலாளர், அந்தோணிமுத்து. கோவம் எனக்குக் கொஞ்சம் முந்தி வரும். அன்னைக்கே கமிட்டியைக் கூட்டிட்டேன்.

"மலையை ஒட்டித் தோப்பு வச்சிருக்கது யாரு? சுருளிராஜன் ஒருத்தர்தேன். மாங்காய்க்குப் பயந்துக்கிட்டு நம்ம சாமி காரியத்துல கை வச்சுட்டாரு"ன்னேன்.

"வருசாவருசம் நம்ம தேருக்கு டிராக்டர் அனுப்புறவுக ஆச்சேப்பா"ன்னாக ஜெசிந்தா அக்கா.

"இந்த வருசம் அவரு டிராக்டரும் வேணாம். அவரு தோப்புக்கு மாங்கா பறிக்க நம்ம ஆளுக ஒருத்தரும் போகவும் வேணாம்."

எல்லாரும் சரின்னுட்டாக. அந்தத் தோப்புல பறிக்கப் போறவுக பூராம் எங்க தெரு ஆளுகதேன். இந்த வெயில்ல ஒரு வாரம் பறிக்காம விட்டா, காய் மரத்துலயே வெம்பி விழுந்திரும். தெரிஞ்சேதேன் சொன்னேன்.

எல்லாம் எங்க தெரு சேவியர் அண்ணனுக்காகத்தேன். அவுக மக பெனிஷா கைப்பிள்ளையா இருக்கையில மூச்சு நிக்கப் பாத்துச்சு. பிள்ளை பிழைச்சா வருசாவருசம் நூறு வாணம் விடுறேன்னு சூசையப்பர்கிட்ட நேந்துக்கிட்டாக. பதினேழு வருசத்துல ஒரு வருசம் தவறலை. அன்னைக்குக் கூட்டத்துல அந்த மனுசன் தரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்ததைக் கண்டு எனக்கு வயிறெரிஞ்சு போச்சு.

மறுநாள் காலையில நேரா தோப்புக்கே போயிட்டேன். சுருளிராஜன் அண்ணனும் அவரு சம்சாரம் முனீஸ்வரி மதினியும் கீழே விழுந்த காயைப் பொறுக்கிக்கிட்டு இருந்தாக. வேற ஆள் ஒருத்தரும் கண்ணுல படலை.

"மனுப் போட்டது நீங்கதேன?"

அவரு மரத்து மேல ஒரு பார்வை பாத்தாரு. பெறகு, "ஆமப்பா, நாந்தேன்"னாரு.

மதினி என்னமோ சொல்ல வாயெடுத்தாக. "நீ சும்மா இரு"ன்னு அடக்கிட்டாரு.

"ஒரு மனுசன் தன் பிள்ளைக்காக நேந்துக்கிட்டதை நிறுத்திப்புட்டு நீங்க நல்லா இருப்பீகளா? சாமியை விட மாங்கா பெருசாப் போச்சா?"

"எனக்கு மாங்காதேன் பெருசு. போயிட்டு வா."

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. வாயில வந்ததையெல்லாம் பேசினேன். வேத்துச் சாமி கும்பிடுறவுக புத்தி அப்படித்தேன் இருக்கும்னு கூடச் சொல்லிட்டேன். அந்த மனுசன் குனிஞ்சு காயைப் பொறுக்கிக்கிட்டே இருந்தாரு.

அப்பத்தேன் மேலே கிளை அசைஞ்சுச்சு. இடுப்புல கட்டின சாக்கோட ஒரு ஆள் மெதுவா இறங்கினாக. பாத்தா, சேவியர் அண்ணன்.

"ஏலே, உன்னைய மேலயே இருன்னேன்ல"ன்னு சுருளிராஜன் அண்ணன் சத்தம் போட்டாரு.

"நீங்களா? இவரு தோப்புல வந்தா மாங்கா பறிக்கிறீக?"ன்னேன்.

"மனுப் போட்டது நாந்தேன் அந்தோணி"ன்னாக சேவியர் அண்ணன்.

"எதுக்குண்ணே?"

"போன வருசம் திருவிழாவுக்கு மறுநாள் மலை எரிஞ்சுச்சுல்ல? யாரோ பீடியைப் போட்டுட்டான்னு பேசிக்கிட்டோம். பீடி இல்லை, என் வாணம். இந்த வேலியோரம் விழுந்து தீப் பிடிச்சுத்தேன் மலை வரைக்கும் போயிருக்கு. இங்கனயே பதினோரு மரம் கருகிப் போச்சு. பாதி எரிஞ்ச வாணக் குச்சியை அண்ணன்தேன் கண்டெடுத்தாக. ஒருத்தருக்கும் காட்டலை. எங்கிட்டக் கொண்டாந்து குடுத்து, அடுப்புல போட்டுருன்னுட்டாக."

"அப்ப இந்த வருசம் விடலைன்னு கூட்டத்துலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் நிறுத்தினா நீ சும்மா இருந்திருவியா? உங்களுக்குப் பதிலா நான் விடுறேன்னு முன்னால வந்து நூறுக்கு இருநூறாக் கொளுத்துவ."

கொளுத்தியிருப்பேன்.

சுருளிராஜன் அண்ணன் பக்கம் திரும்பினேன். அவுக முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. "நீங்க ஏண்ணே பழியை ஏத்துக்கிட்டீக?"

"எம்மேல உள்ள கோவம் மாங்கா சீசனோட போயிரும்ப்பா. சாமிக்கு நேந்ததை நிறுத்தினவன்னு இவனுக்குப் பேரு வந்தா, நாளைக்கு அந்தப் பிள்ளைக்குத் தலைவலி வந்தாக்கூட அதனாலதேன்னு பேசுவீக."

பேசுவோம். முதல்ல பேசுறது நானாத்தேன் இருக்கும். ஒரு சாக்கை எடுத்துக்கிட்டு அடுத்த மரத்துல ஏறிட்டேன்.

சாயங்காலம் கமிட்டி கூடுச்சு. "நாளையில இருந்து நம்ம ஆளுக தோப்புக்குப் போகட்டும். தேருக்கு அவுக டிராக்டரும் வரட்டும்"ன்னேன்.

"நேத்து நீதேன வேணாம்ன? மனுப் போட்டவுகளுக்குப் போயி வேலை செய்யச் சொல்றியா?"ன்னாக ஜெசிந்தா அக்கா.

பக்கத்துல இருந்த சேவியர் அண்ணன் எந்திரிக்கப் பாத்தாக. தோளை அமுக்கி உக்கார வச்சேன்.

"மனுப் போட்டது அவுக இல்லைக்கா. நாந்தேன்."