கடைசிக் கெபாசிட்டர்

"நிறுத்து ஒல்லி, நிறுத்து! உன் குரலுக்கு அடியில ஏதோ புழுதி கேக்குது!"

மூன்றாவது சரணத்தின் நடுவில் சுலேமாவின் வாய் அப்படியே நின்றது. கிதாரை மடியில் சாய்த்துக்கொண்டு தம்பியை முறைத்தாள்.

"சந்தியாகோ தெல் எஸ்தேரோவுல புழுதி இல்லாத இடம் எதுடா குண்டா? ஜன்னலைச் சாத்து, போதும்."

எவாரிஸ்தோ காதில் வாங்கவில்லை. அதற்குள் கம்ப்ரசரின் மூடியைக் கழற்றிவிட்டிருந்தான். பாடுகிற குரல் எகிறினால் அமுக்கி, தணிந்தால் தூக்கிவிடும் பெட்டி அது. அவனே உட்கார்ந்து செய்தது. குரல் போகிற வழியில் முதலில் பதினொரு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் இருந்தன. ஒவ்வொன்றும் குரலில் கொஞ்சம் அழுக்கைப் பூசுகிறது என்பது அவன் கட்சி. பாடவிட்டுக் கேட்பான், பாதியில் நிறுத்துவான், ஒன்றைப் பிடுங்குவான். இப்போது ஒன்றே ஒன்று பாக்கி.

நாலு மாதமாக இதே கதை, இதே பாட்டு. சகரேரா மெட்டு. கேட்டால் இந்த ஊர்க்காரர் எவருக்கும் கால் சும்மா இருக்காது. சுலேமாவுக்கு மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போய்விட்டது. நாலாவது சரணமோ மறந்தே போய்விட்டது.

"இன்னிக்காவது முடிச்சுத் தொலைடா. ஆறு மணிக்குக் கூட்டம்."

கட்டட நிர்வாகி கதவில் ஒட்டிய சீட்டு இன்னும் அங்கேயேதான் இருந்தது. 'மூன்றாம் மாடியின் பாட்டு குறித்து நான்காம் மாடி தோன் ஹெனாரோ புகார் கொடுத்துள்ளார். சனிக்கிழமை கூட்டத்தில் முடிவெடுக்கப்படும்.'

அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். வேறென்ன முடிவு? ஊரே மதியத் தூக்கம் போடுகிற நேரத்தில் கிதாரும் கையுமாக இருப்பவர்களுக்கு இன்னொரு அறை எவன் கொடுப்பான்?

"அந்த ஹெனாரோ முப்பது வருஷம் ரயில்வே கார்டா இருந்து, கொடி காட்டி வண்டியை நிறுத்தினவர். நம்மளை நிறுத்த மாட்டாரா?" என்றாள் சுலேமா.

"இதை மட்டும் பிடுங்கிடறேன். அப்புறம் உன் குரல் ஊத்துத் தண்ணி மாதிரி வரும், பாரு."

பற்றவைப்புப் புகை எழுந்தது. கடைசிக் கெபாசிட்டர் வெளியே வந்தது. அந்த இடத்தில் ஒரு துண்டுக் கம்பி உட்கார்ந்தது.

"ம், பாடு."

பாடினாள். முதல் சரணத்தில் எவாரிஸ்தோவின் முகம் மலர்ந்தது. இரண்டாவதில் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவதில் திறந்தான்.

"நிறுத்து! முள்ளைப் பாரு!"

சுலேமா நிறுத்தினாள். பெட்டியின் முகப்பில் ஒலியளவைக் காட்டும் முள் நிற்கவில்லை. மூன்று தரம் குதித்துவிட்டுத்தான் அடங்கியது.

"நான் வாயை மூடிட்டேன். அப்புறம் யாருடா பாடறது?"

மறுபடி பாடி, மறுபடி நிறுத்தினாள். மறுபடியும் மூன்று குதி.

"பிடுங்காதே பிடுங்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்பப் பெட்டிக்குப் பேய் பிடிச்சிடுச்சு!"

எவாரிஸ்தோ மைக் கம்பத்தைத் தொட்டபடி அவளை இன்னொரு தரம் பாடச் சொன்னான். கம்பம் லேசாக அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தான். கூரை விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"பெட்டி மேல தப்பில்ல, ஒல்லி. காதுக்கே எட்டாத அளவு தாழ்ந்து வர்ற அதிர்வையெல்லாம் இதுவரைக்கும் கெபாசிட்டர் முழுங்கிட்டு இருந்துச்சு. இப்ப எல்லாம் உள்ள வருது. மேல ஹெனாரோ கோபத்துல தரையை உதைக்கறார்!"

"நாலு மாசமாவா?"

"நாலு மாசமா!"

சுலேமா கிதாரைக் கீழே வைத்தாள். மதியம் கறி அடைத்துச் சுட்ட எம்பனாடாக்களை ஒரு தட்டில் அடுக்கினாள்.

"வா, கூட்டத்துக்கு முன்னாடியே கால்ல விழுந்துடலாம்."

நான்காம் மாடிக் கதவைத் தட்டியதும் தோன் ஹெனாரோவே திறந்தார். முகமெல்லாம் வியர்வை. மூச்சு இரைத்தது. காலில் முழங்கால் வரை பூட்ஸ்.

"மன்னிச்சுக்கங்க தோன் ஹெனாரோ," என்று தட்டை நீட்டினாள் சுலேமா. "உங்க கோபம் நியாயம்தான். இனிமே அந்தப் பாட்டைப் பாடவே மாட்டோம்."

"பாட மாட்டீங்களா!" என்று அலறினார் அவர்.

அவருக்குப் பின்னால் நாற்காலி, மேசையெல்லாம் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன. கூடத்தின் நடுவில் அவர் மனைவி தெல்மா, பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, பாதிச் சுற்றில் நின்றுகொண்டிருந்தாள்.

"என் புகாரைப் படிச்சுத்தான் பார்த்தீங்களா? நாலு மாசமா ஆடறோம்... ஒரு நாளாவது அந்தப் பாட்டை முடிச்சிருக்கீங்களா?"