மலையைத் துளைத்து வந்த ‘டிக்’

மலைக்கு எதிரே இருந்த பொட்டலில் மூன்று ரேடியோ ஆன்டெனாக்கள் நின்றன. சாலையோரம் நெட்டை, நடுவில் குட்டை, மலையடியில் சின்னவள். விண்வெளியிலிருந்து வந்து மலையையே துளைத்துப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகள் எழுப்பும் ஒரு ‘டிக்’கைப் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. வருடக்கணக்காக அது வரவேயில்லை. சாலையில் போகும் மோட்டார் சைக்கிளின் ‘டிக்’தான் வந்தது.

“நான்தான் முதல்!” என்பாள் நெட்டை, ஒவ்வொரு தடவையும். யாருக்கு முதலில் கேட்டது என்பதை வைத்துத் திசையைக் கண்டுபிடிக்கும் கணக்குப்பெட்டி, சாலைப்பக்கத்துச் சத்தம் என்று அதைத் தள்ளிவிடும்.

அன்றைக்கும் ஒரு ‘டிக்’!

“அக்கா, எனக்குத்தான் முதல்ல கேட்டுச்சு!” என்று துள்ளினாள் சின்னவள்.

“அடுத்து எனக்கு!” என்றாள் குட்டை.

“போங்கடீ! என்னை முந்தி உங்களுக்குக் கேக்குமா?”

“ஐயோ அக்கா, இது மலைப்பக்கமிருந்து வந்தது! நீ முதல்னு சொன்னா, பெட்டி இதையும் மோட்டார் சைக்கிள்னு தூக்கிப் போட்டுடும்!” என்று பதறினாள் சின்னவள்.

“யார் முதல், யார் கடைசி? சீக்கிரம் சொல்லுங்க” என்று அதட்டியது பெட்டி.

நெட்டை மலையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கம்பியெல்லாம் அதிரக் கத்தினாள்:

“நான்தான் கடைசி! என்னை மாதிரி கடைசி இந்தப் பொட்டல்லயே எவளும் கிடையாது!”