நடுவில் ஒரு கைதட்டல்

“நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. சிம்பொனின்னா நாலு பகுதி. நாலும் முடிஞ்ச பிறகுதான் கைதட்டணும். நடுவுல தட்டினா மானம் போயிடும்.”

அரங்க வாசலில் மனைவி மூன்றாவது முறையாகச் சொன்னாள். லாரி மெக்கானிக் கணவன் டையைத் தளர்த்திக்கொண்டே சமர்த்தாகத் தலையாட்டினான். உள்ளே போனதும் நிகழ்ச்சிக் கையேட்டை எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.

முதல் பகுதி முடிந்தது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதுபோல அவள் பக்கத்தில் சத்தம். கணவன் ஒற்றை ஆளாகக் கைதட்டிக்கொண்டிருந்தான். முன்வரிசைத் தலைகளெல்லாம் திரும்பின.

அவளுக்கு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!” என்று அவன் தொடையைக் கிள்ளினாள்.

“இதுல வேற மாதிரி போட்டிருக்கே,” என்று கையேட்டை நீட்டினான். “அந்தக் காலத்துல ஒவ்வொரு பகுதிக்கும் ஜனங்க கைதட்டுவாங்களாம். பிடிச்சுப்போனா அதையே திரும்ப வாசிக்கச் சொல்வாங்களாம். கம்முனு உட்கார்றதெல்லாம் அப்புறம் வந்த பழக்கமாம்.”

“அதை அப்படியே நம்பிட்டீங்களாக்கும்?”

“எழுதினவங்க விஷயம் தெரிஞ்சவங்க.”

கட்டுரையின் கீழே அவன் விரல் வைத்த இடத்தில் அவள் பெயர் இருந்தது. பத்து வருடமாக இந்த அரங்கத்தின் கையேட்டுக்கு அவள்தான் எழுதுகிறாள். வீட்டில் ஒரு வரிகூட யாரும் படித்ததில்லை என்று பத்து வருடமாகப் புலம்பியும் வருகிறாள்.

இரண்டாம் பகுதி முடிந்தது. மறுபடியும் கைதட்டல், மறுபடியும் தலைகள் திரும்பின. இந்த முறை தட்டியது அவள்.

“நடுவுல தட்டினா மானம் போயிடும்,” என்றான் அவன்.