பற்றவைத்த அச்சு

பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகளில் இறங்கும் வெயில், அவளும் அம்மாவும் குடியேறப்போகும் டிரெய்லர் வீட்டின் மேல் புள்ளி புள்ளியாகக் கிடக்கிறது. குறுகிய தெருமுனையில் வளைய, அதன் பின்பக்க அச்சும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஆறு மாதம் உட்கார்ந்து அவள் படம் வரைந்தது அதற்குத்தான். “அச்சு லொடலொடன்னு ஆடுச்சு பாப்பா, மாமா நாலு பக்கமும் பத்தவெச்சு இறுக்கிட்டேன்” என்று பட்டறைக்காரர் பெருமையாகச் சிரிக்கிறார். “அது ஆடல, திரும்புச்சு. படத்துல எழுதியிருந்தேனே?” “சின்னப் பொண்ணு போட்ட படம், தப்பா இருக்கும்னு நெனச்சேன்.” பற்றவைத்ததை அறுக்க அவள் கிரைண்டரை எடுக்கிறாள். வண்டிக்குள்ளே ஜன்னல் துடைக்கும் அம்மாவிடம், “இறங்கும்மா” என்கிறாள். தீப்பொறி பட்டறைக்காரரின் செருப்புவரை சீறுகிறது. “ஏய், பாத்து!” “நீங்க நகருங்க மாமா. வண்டி திரும்ப இடம் வேணும்.”