வேண்டுமென்றே விழுந்தவர்

கிடங்கில் சாப்பாட்டு இடைவேளை. லோடுமேன் கைபேசியில் ஆன்லைன் துப்பாக்கி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். தன் ஆளை வேண்டுமென்றே எதிரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். சுட்டார்கள், விழுந்தான்.

“அறிவிருக்கா அண்ணே?” என்றான் எட்டிப் பார்த்த லாரி டிரைவர்.

“இதுல விழுந்தவன் தானா எந்திரிக்க முடியாதுடா. ஜோடி வந்து பத்து நொடி பக்கத்துல அசையாம நின்னாதான் உயிர் வரும்.”

“இந்தக் குண்டுமழைல எவன் வருவான்?”

லோடுமேன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி ஓடிவந்து, அடி வாங்கிக்கொண்டே பக்கத்தில் நின்றாள்.

“அடேங்கப்பா! அண்ணிக்குத் தெரியுமா இது?”

“உங்க அண்ணிதான்டா அவ. சண்டை போட்டு, வீட்டுல என்கிட்ட பேசி அஞ்சு நாளாச்சு.”

விழுந்தவன் எழுந்தான். திரையில் அவள் எழுதியது வந்தது:

“சாப்பிட்டுத் தொலைச்சீங்களா?”